ஆறப் பொறுத்தல்

கரும்பு பிழியும் யந்திரம் நம்மவர்க்குப் புதிதல்ல. ஐங்குறுநூற்றிலேயே அது யானைக்கு எதிராகப் பிளிறுகிறது. மர உருளையிலும் கல் உரலிலும் காலம் தள்ளிய நாட்டில், பீஹாரிலுள்ள பீஹியா என்ற ஊரில் தாம்ஸன், மில்ன் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் 1870-களில் சிறிய இரும்பு ஆலையைச் செய்து பரப்பினார்கள். நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி 1842-லேயே பெரிய ஆலை வைத்தாயிற்று. ராயகிரிக்கு அருகே, வாசுதேவநல்லூரில் தரணி ஆலை எழுந்தது அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலே கழித்துத்தான்.

இந்த இரும்பு விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. உருக்கி வார்த்த இரும்பில் மெல்லிய பாகம் முதலில் ஆறிச் சுருங்கும். கனத்த பாகம் பின்னால் சுருங்கப் பார்க்கும். முன்னது விடாது. அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடும். வெளியே பார்த்தால் சாதுவாக இருக்கும். மாஸ்கோவில் 1735-ல் சுமார் 200 டன்னில் ஒரு மணி வார்த்தார்கள். இரும்பல்ல, வெண்கலம்தான், ஆனாலும் கதை ஒன்றே. 1737-ல் தீ விபத்து. சூடேறிக் கிடந்த மணியின்மேல் தண்ணீரைக் கொட்டினார்களாம். பதினொன்றரை டன் துண்டு தனியாகக் கழன்றது. அந்த மணி ஒரு தடவைகூட ஒலித்ததில்லை. விளக்குச் சிம்னியில் ஈரக்கை வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

பழைய யந்திரக்காரர்கள் வார்ப்புகளை மாதக் கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்தார்கள். அதனால் இழுபறி தீர்ந்தது கொஞ்சம்தான் என்று பிற்கால ஆராய்ச்சி சொல்லுகிறது. நம்பகமான வழி உலைதான்: சுமார் 550 டிகிரி வரை மெதுவாகச் சூடேற்றி, சில மணி நேரம் வைத்திருந்து, உலைக்குள்ளேயே ஆறவிடுவது.

ஆலை உருளைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எஃகுத் தண்டின்மேல் வார்ப்பிரும்புச் சட்டையைச் சூடாக்கி மாட்டியிருப்பார்கள். அது ஆறிச் சுருங்கிய பிடியில்தான் நிற்கிறது. மறுபடி உலையில் வைத்தால் சட்டை கழன்றுவிடும். ஆக, பிறந்தது முதல் அந்தச் சட்டை இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. கரும்போடு வரும் மண் பல்லைத் தேய்க்க, அதன்மேல் வெல்டிங் வைத்தால் ஒவ்வொரு வரியும் ஆறும்போது தன் பங்குக்கு இழுக்கும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது. தாங்கும் வரை தாங்கி, ஒருநாள் விரியும்.

எனவே கெட்டிக்கார வெல்டர் ஒரே மூச்சில் ஓட்டமாட்டார். விரற்கடை அளவு நிக்கல் ராடால் வைப்பார்; சூடு இருக்கும்போதே சிறு சுத்தியலால் தட்டி அந்த உலோகத்தைச் சற்றே விரியவைப்பார்; பிறகு வேறொரு மூலைக்குப் போவார். முடிந்ததும் சாம்பலையோ சுண்ணாம்பையோ போட்டு மூடுவார். வெளியே வெட்டிய கரும்பு வரிசையில் காய்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு மணிக்கும் சர்க்கரை குறையும். அது விவசாயியின் பணம். அவன் கத்தாமல் என்ன செய்வான்? ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று அவனைச் சொல்வது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. சாம்பலை விலக்கச் சொல்லும் அதிகாரியிடம் அதைச் சொல்லலாம்.

இந்த அவசரத்துக்கு ஆலைக்காரர்களே ஒரு யுக்தி கண்டார்கள். உருளை வழுக்காமல் கரும்பைப் பிடிக்க, அது சாறில் நனைந்து சுழன்றுகொண்டிருக்கும்போதே பல்லின் பக்கங்களில் பொட்டுப் பொட்டாக உலோகத்தைத் தெளிக்கிறார்கள். ஒவ்வொரு பொட்டும் அவ்வளவு சிறியது. அதன் இழுப்பும் அவ்வளவுதான்.