உழைத்து ஓய்ந்தோர்க்கு ஒரு கூரை

சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் பாசிர் பெனம்பாங். ஆற்றைக் கடத்திவிடும் படகினைக் குறிக்கும் மலாய்ச் சொல் அவ்வூர்ப் பெயரில் நிலைத்துள்ளது. இன்று மீனவர் ஊராக அறியப்படும் அதன் பின்புலத்தே, புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என உள்நோக்கி விரிகிறது தோட்டப்புறம். அங்குக் காடு திருத்தி ரப்பரும் செம்பனையும் வளர்த்தவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்திற்கு அவர்கள் ஆற்றிய பங்கை வரலாறு பதிவு செய்துள்ளது. அவர்கள் உழைத்து ஓய்ந்தபின் எங்கே தலைசாய்த்தார்கள் என்னும் வினாவோ அத்துணைக் கவனம் பெறவில்லை.

பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தது இம்மாவட்டத்தில்தான். அத்தோட்டத்தின் பெயர் ‘தென்னமரம்’. மலாயா வாழ்வைப் பொருளாகக் கொண்டு அவர் எழுதிய புதினம் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. தோட்டம் கண்டவருக்குப் புகழ் நிலைத்தது. தோட்டத்தில் உழைத்தவருக்கோ, வேலை நிலைத்த வரையில்தான் வீடும் நிலைத்தது.

இந்நிலைக்கு வேர் எங்கே உள்ளது? காலனி ஆட்சியின் கணக்கில் தமிழ்த் தொழிலாளி குடியேறியவன் அல்லன், வந்து போகிறவன். 1907இல் தோன்றிய இந்தியக் குடிவரவு நிதி, ஆள் சேர்ப்பதற்கும் கப்பற் செலவிற்கும் உதவியது. நலிந்தோரையும் முதியோரையும் தாயகத்திற்குத் திருப்பியனுப்பவும் உதவியது. முதுமை அக்கரையில் கழியவேண்டியது என்பதே அவ்வாட்சியின் கருத்து. ஆனால் வந்தோர் வேரூன்றினர், மணம் புரிந்தனர், கோயிலும் பள்ளியும் எழுப்பினர். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் மலாயா செல்வதற்குத் தடை விதித்தபின், இருந்தவர்களின் வாழ்வு இம்மண்ணோடு மேலும் பிணைந்தது. திரும்பிச் செல்ல ஊர் இல்லாதவர்க்கு லயத்து வீடே ஊராயிற்று.

அவ்வீடு யாருடையது? நிருவாகத்தின் உடைமை. அதனை இனாம் என்று பலர் கருதினர். சற்றே ஆராய்ந்தால் அது கூலியின் ஒரு கூறு என்பது விளங்கும். வீடும் தண்ணீரும் கிடைக்கின்றன என்பதைக் காட்டியே நாட்கூலி குறைவாக வைக்கப்பட்டது. ஆகவே, முப்பதாண்டு பால் மரம் சீவியவர் முப்பதாண்டு வாடகையையும் தம் வியர்வையால் செலுத்தியவரே ஆவார். எனினும், அவர் பெயரில் ஒரு செங்கல்லும் எழுதப்படவில்லை.

1966ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை விதித்தது. 1990இல் விரிவான புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இவ்விரண்டும் தொழிலாளியின் வீடு எவ்வாறு இருக்கவேண்டும் என்று கூறின. அவர் தொழிலாளியாக இல்லாத நாளில் வீடு என்னாகும் என்பதற்கு விடை தரவில்லை. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு என்பது நெடுங்கால வழக்கம்; 2013இல் நடைமுறைக்கு வந்த சட்டமே அதனை அறுபதாக உயர்த்தியது. 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி ஒரு தொகையைத் தந்தது உண்மையே. ஆயினும், சிறுகூலியிலிருந்து பிடித்த சிறுபணம், நகரில் வீடு வாங்கப் போதுவதன்று. நாட்சம்பளக்காரர்க்கு வங்கிக் கடனும் எளிதன்று.

இதனால் விளைந்த கேடு முதியோரோடு நிற்கவில்லை. மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால் பெற்றோர் அவ்வீட்டிலேயே தங்கலாம். படித்து நகருக்குச் செல்ல விரும்பிய பிள்ளை, தான் வெளியேறினால் தாய் தந்தையர் கூரையும் போகும் என்று அஞ்சினான். முதியோரின் வீட்டுக்கு இளையோரின் எதிர்காலம் ஈடாக வைக்கப்பட்டது.

இக்கட்டினை உணர்ந்தோர் இருந்தனர். தோட்டத் துண்டாடலால் குடும்பங்கள் தெருவிற்கு வந்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டங்களை வாங்கியது. உழைப்பவனும் உடைமையாளன் ஆகலாம் என்பதற்கு அது சான்று. எனினும், நாட்டின் தோட்டங்கள் அனைத்தையும் ஒரு சங்கம் காத்தல் இயலாது.

பின்னர்த் தோட்டங்கள் நகர்களாகவும் குழிப்பந்தாட்டத் திடல்களாகவும் மாறலாயின. வட சிலாங்கூரில் மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் மாற்று வீட்டிற்காக இருபதாண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. அவர்களுக்கான வீடமைப்புத் திட்டப் பணி 2023இல்தான் தொடங்கிற்று. அதற்குள், நடுவயதில் காத்திருக்கத் தொடங்கியவர்கள் முதியோராயினர். காலங்கடந்த நீதி முதியவர்க்கு இருமடங்கு கொடிது. இளையவருக்கு இருப்பதுபோல் காத்திருக்கும் ஆண்டுகள் அவர்க்கு இல்லை.

வேறு நாடுகளில் இதற்கு வழி காணப்பட்டுள்ளது. இங்கிலாந்திலும் பண்ணைத் தொழிலாளியின் வீடு வேலையோடு பிணைந்தே இருந்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம், குறித்த காலம் பண்ணையில் உழைத்தவர், வேலை முடிந்த பின்னரும் அவ்வீட்டில் வாழப் பாதுகாப்பு அளித்தது. 1991இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற முதியோர்க்கான கோட்பாடுகளும், இயன்ற வரை முதியோர் தம் இல்லத்திலேயே வாழ வேண்டும் என வலியுறுத்துகின்றன.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றே. தோட்டத்து முதியோர் கேட்பது இரக்கமன்று. நிலுவையில் நிற்கும் கூலி. உழைத்த ஆண்டுகளைக் கணக்கிட்டுக் குடியிருப்பு உரிமையை வழங்குதல் அறமும் ஆகும், கணக்கும் ஆகும். தோட்டப்புறத்திலிருந்து கல்வியால் உயர்ந்த தலைமுறை இன்று ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் விளங்குகிறது. அத்தலைமுறையைக் கரை சேர்த்த படகோட்டிகள் லயத்து மக்களே. அவர்களுக்கு ஒரு நிலையான கூரை அமைவது, கரையேறியோர் அனைவரும் தீர்க்கவேண்டிய கடன்.