விகிதம் வகுத்தவர்கள்: தீக்காப்பீட்டுச் சங்கங்கள் முதல் கட்டண ஆலோசனைக் குழு வரை

ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கடைகளுக்குத் தீக்காப்பீட்டு பிரீமியம் வேறுபடுகிறது. ஒன்றில் பாத்திரம் விற்கிறார்கள், மற்றதில் பிளாஸ்டிக் சாமான். ஒன்றுக்குக் கான்கிரீட் கூரை, மற்றதற்குத் தார்பாலின். இந்த வேறுபாட்டைப் பிரீமியமாக மாற்றும் கணக்கை யார் போடுகிறார்கள், அந்தக் கணக்குக்கு யாரிடம் பதில் சொல்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இந்தியாவில் 1969 முதல் 2006 முடியும் வரை இக்கேள்விக்கு ஒரே விடைதான் இருந்தது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த டாரிஃப் அட்வைசரி கமிட்டி என்னும் கட்டண ஆலோசனைக் குழுதான் அந்த விடை. காப்பீட்டு அலுவலகங்களில் அதை டி.ஏ.சி. என்பார்கள். அமெரிக்க மாநிலங்கள் விகிதம் வகுக்கும் தனியார் அமைப்புகளுக்கு லைசென்ஸ் கொடுத்து, அவற்றை வெளியிலிருந்து மேற்பார்வையிட்டன. இந்திய அரசோ அத்தகைய அமைப்பைச் சட்டத்துக்குள்ளேயே இழுத்துக்கொண்டது, பின்னாளில் கலைத்தும்விட்டது. விலையை ஒரு குழு கட்டாயமாக நிர்ணயிக்கும் முறை முடிவுக்கு வந்ததற்கு நியாயம் உண்டு. ஆனால் விகிதத்துக்கான காரணத்தை எழுதி, அச்சிட்டு, எவரும் பார்க்கும்படி வைத்திருக்கும் கடமையும் அதோடு சேர்ந்து மறைந்தது பெரிய இழப்பு என்பது இக்கட்டுரையின் வாதம்.

லண்டன் வழியும் அமெரிக்க வழியும்

1861-இல் லண்டன் டூலி தெருக் கிடங்குகளில் பற்றிய தீ, ஆங்கிலேயக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்குப் பேரிழப்பை உண்டாக்கியது. தனித்தனியாகப் போட்டியிட்டு விலையைக் குறைத்தால் ஒரு பெருந்தீயிலேயே முழுகிப்போவோம் என்ற அச்சம் அவர்களை ஒன்றுசேர்த்தது. 1868-இல் ஃபயர் ஆஃபீசஸ் கமிட்டி முறையான அமைப்பானது. உறுப்பினர் அனைவரும் டாரிஃப் என்னும் ஒரே விகிதப் பட்டியலைப் பின்பற்றுவார்கள். அதில் சேராதவர்கள் 'டாரிஃபுக்கு வெளியே' இருப்பவர்கள். பிரிட்டிஷ் கம்பெனிகள் பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களுக்கு வந்தபோது இந்த வழக்கமும் கூடவே வந்தது. உள்ளூர்த் தீக்காப்பீட்டுச் சங்கங்கள் உருவாயின. பருத்தி, சணல், கிடங்கு, ஆலை என்று வகை பிரித்து விகிதம் எழுதப்பட்டது.

அமெரிக்காவில் இதே கூட்டு வழக்கம் அரசியல் கேள்வியாக வெடித்தது. கம்பெனிகள் கூடி விலை வைப்பது பொதுமக்களுக்கு எதிரான சதி என்று ஒரு தரப்பு கூறியது. போட்டி கட்டவிழ்ந்தால் கம்பெனிகள் திவாலாகும், பாலிசிதாரர்தான் நடுத்தெருவில் நிற்பார் என்றது மறுதரப்பு. 1909-இல் கன்சாஸ் மாநிலம் தீக்காப்பீட்டு விகிதங்களை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. 1914-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நியூயார்க் மாநிலத்தின் மெரிட் குழு 1911-இல், விகிதம் வகுக்கும் கூட்டமைப்புகளை ஒழிப்பதைவிட அரசின் கண்காணிப்பில் வைப்பதே நல்லது என்ற முடிவுக்கு வந்தது.

1944-இல் சவுத் ஈஸ்டர்ன் அண்டர்ரைட்டர்ஸ் வழக்கில், காப்பீடு மாநிலங்களுக்கிடையிலான வணிகம் என்றும் மத்திய அரசின் கூட்டுவணிகத் தடைச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்றும் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே மெக்கேரன்-ஃபெர்கூசன் சட்டம், மாநிலங்கள் ஒழுங்குபடுத்தும் அளவுக்குக் காப்பீட்டுத் தொழிலுக்கு விலக்கு அளித்தது. அந்த விலக்கைக் காப்பாற்றிக்கொள்ள மாநிலங்கள் வரிசையாக விகிதச் சட்டங்களை இயற்றின. விகிதம் வகுக்கும் அமைப்பு லைசென்ஸ் பெற வேண்டும், பட்டியலை மாநில ஆணையரிடம் தாக்கல் செய்ய வேண்டும், விகிதம் மிகையாகவோ போதாததாகவோ பாரபட்சமாகவோ இருக்கக் கூடாது என்பவை அச்சட்டங்களின் சாரம்.

1907 முதல் 1973 வரை

பம்பாய் காப்பீட்டுத் தொழிலின் தலைநகராக வளர்ந்தது. பொதுக்காப்பீட்டின் எல்லா வகைகளையும் செய்த முதல் இந்தியக் கம்பெனியான இந்தியன் மெர்கன்டைல் 1907-இல் இங்கே தொடங்கியது. 1919-இல் சர் தோராப்ஜி டாடா நியூ இந்தியா அஷ்யூரன்ஸை நிறுவினார். 1938-இன் காப்பீட்டுச் சட்டம் கம்பெனிகளின் பதிவு, முதலீடு, கணக்கு ஆகியவற்றை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஏஜென்ட் தன் கமிஷனில் ஒரு பங்கை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதையும் அதன் 41-ஆம் பிரிவு தடை செய்தது. விகிதத்தை யார் வகுப்பது என்பது மட்டும் கம்பெனிகளின் சங்கங்களிடமே இருந்தது.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டைகின் கப்பல் வெடித்து, சுற்றுவட்டாரக் கிடங்குகளும் வீடுகளும் எரிந்தன. இழப்பீட்டுக்கென அரசு தனி அவசரச் சட்டமே பிறப்பிக்க வேண்டியிருந்தது. சாதாரணத் தீயை மட்டும் கணக்கில் வைத்து வகுத்த விகிதத்தில் பேரழிவுக்கு இடம் இல்லை என்பதை அந்நிகழ்ச்சி கண்முன் காட்டியது.

காப்பீட்டுச் சட்டத்தின் 1950-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தியக் காப்பீட்டுச் சங்கத்தையும் அதற்குள் பொதுக்காப்பீட்டு மன்றத்தையும் சட்டபூர்வமாக்கியது. விகிதப் பணி அம்மன்றத்தின் கீழ் வந்தது. ஆனால் அது தொழிலின் சொந்தக் கட்டுப்பாடாகவே நீடித்தது. மறைமுகத் தள்ளுபடிகளும் விகித மீறல்களும் நிற்கவில்லை.

1968-இன் திருத்தச் சட்டம் நிலைமையை மாற்றியது. 1969 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 64யூ முதலான பிரிவுகள் கட்டண ஆலோசனைக் குழுவைத் தனிச் சட்ட அமைப்பாக நிறுவின. காப்பீட்டுக் கட்டுப்பாட்டாளரே அதன் தலைவர். உறுப்பினர்களாகக் கம்பெனிகளின் பிரதிநிதிகள் இருந்தார்கள். பழைய மன்றத்தின் விகிதப் பணிக்கான சொத்தும் கடனும் ஊழியர்களும் புதிய குழுவுக்கு மாறின. இதே திருத்தம்தான் இழப்பை மதிப்பிடும் சர்வேயர்களுக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கியது. சேதத்தை அளப்பவருக்கு அரசு லைசென்ஸ் கொடுத்தது. விலையை வகுப்பவரையோ தன் உறுப்பாகவே ஆக்கிக்கொண்டது.

64யூசி பிரிவின் நெறி ஊன்றிப் படிக்கத் தக்கது. ஏறத்தாழ ஒரே அபாயமுள்ள சொத்துகளிடையே நியாயமற்ற பாரபட்சம் கூடாது. கடந்தகால இழப்பு அனுபவத்தையும் வருங்காலத்தில் நேரக்கூடியதையும் கருத வேண்டும். பெருந்தீக்கும் பேரழிவுக்கும் இடம் ஒதுக்கலாம். குழு வகுத்த விகிதம் எல்லாக் கம்பெனிகளையும் கட்டுப்படுத்தும். மீறுவது சட்டத்தையே மீறுவதாகும். அமெரிக்கச் சட்டங்களின் பாரபட்சத் தடை இங்கேயும் வந்துவிட்டது. கட்டாயம் மட்டும் இங்கே கூடுதல்.

1973 ஜனவரி 1 அன்று நாட்டுடைமையாக்கம் நடைமுறைக்கு வந்தது. 107 கம்பெனிகள் நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்ற நான்காகச் சுருங்கின. நான்குக்கும் முதலாளி ஒருவரே. பம்பாய், கல்கத்தா, தில்லி, சென்னை ஆகிய இடங்களில் வட்டாரக் குழுக்கள் இயங்கின. பாலிசி எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் விலை ஒன்றுதான்.

மாட்டுங்கா, தாராவி, செம்பூர்: விகிதப் புத்தகத்தில் மூன்று ஊர்கள்

விகிதம் எப்படி இயங்கியது என்பதை மும்பைத் தமிழர்கள் செறிந்து வாழும் மூன்று பகுதிகளை வைத்தே பார்க்கலாம். 2001-இல் புதுப்பிக்கப்பட்ட அகில இந்தியத் தீ டாரிஃப், சொத்துகளைப் பயன்பாட்டின்படி பிரித்தது. குடியிருப்பு, அலுவலகம், கடை ஆகியவை ஒரு பிரிவு. உற்பத்தி ஆலைகள் ஒரு பிரிவு. தொழிற்சாலை வளாகத்துக்கு வெளியே உள்ள கிடங்குகள் வேறொரு பிரிவு. விகிதம் ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்று இருக்கும். உதாரணத்துக்கு, ஆயிரத்துக்கு 1 ரூபாய் என்றால் 10 லட்ச ரூபாய்ச் சொத்துக்கு ஆண்டு பிரீமியம் 1,000 ரூபாய்.

மாட்டுங்காவின் அடுக்குமாடி வீடு முதல் பிரிவில் வரும். கெட்டிக் கட்டடம், அபாயம் குறைவு. செம்பூரை ஒட்டிய மாஹுல், டிராம்பே பகுதிகளின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு சாதாரணத் தீ டாரிஃப் போதாது. பெட்ரோ ரசாயன அபாயங்களுக்கென்று தனி டாரிஃபே இருந்தது.

தாராவிதான் விகிதப் புத்தகத்துக்குக் கடினமான சோதனை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் வேரூன்றச் செய்த தோல் தொழில், கும்பார்வாடாவின் சூளைகள், பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் கொட்டகைகள், தையல் கூடங்கள் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. கீழே பட்டறை, மேலே குடும்பம். மரப்பலகை, ஓலை, புல், வைக்கோல், மூங்கில், பிளாஸ்டிக், துணி, கித்தான், தார்பாலின் போன்றவற்றால் சுவரோ கூரையோ அமைந்திருந்தால் அது 'கச்சா' கட்டடம் என்று டாரிஃப் வரையறுத்தது. அதற்கு விகிதம் கூடும். சுவர் செங்கல்லாக இருந்து மழைக்காலத்துக்காகக் கூரையில் தார்பாலின் போட்டவர் எந்தப் பக்கம் சேருவார் என்ற வாதம் இந்த வரையறையிலிருந்தே எழும்.

இந்த விதி தாராவிப் பட்டறைக்காரருக்குப் பாரமாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பாரத்துக்குக் காரணம் அச்சில் இருந்தது. எந்தப் பொருள் கூரையில் இருந்தால் விகிதம் கூடும், எதை மாற்றினால் குறையும் என்பதை ஏஜென்ட் மட்டுமல்லாமல் பாலிசிதாரரும் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். தீயணைப்புக் குழாய், தானியங்கி நீர்த்தெளிப்பான் வைத்த ஆலைகளுக்கு விகிதத் தள்ளுபடி உண்டு. அதற்காக டி.ஏ.சி. வகுத்த தீப்பாதுகாப்பு விதிகள் இந்தியத் தொழிற்சாலைப் பொறியாளர்களின் அன்றாடக் கையேடாயின. விலைப் பட்டியல் பாதுகாப்புப் பாடமாகவும் இருந்தது அந்தக் குழுவின் மிகச் சிறந்த சாதனை.

ஏன் உடைந்தது

முறைக்குள் இருந்த பிளவு மோட்டார் காப்பீட்டில் வெளிப்பட்டது. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். விபத்தில் இறந்தவருக்கும் காயம்பட்டவருக்கும் நீதிமன்றம் விதிக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. இழப்பீடு ஆண்டுக்காண்டு ஏறியது. பிரீமியத்தை ஏற்ற முனைந்தபோதெல்லாம் லாரி உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். மோட்டாரில் விழுந்த பள்ளத்தைத் தீ, பொறியியல் காப்பீடுகளின் லாபம் நிரப்பியது. ஆலைக்குத் தீக்காப்பீடு எடுத்தவர் தனக்குத் தொடர்பில்லாத லாரியின் இழப்பைச் சுமந்தார். இழப்பு அனுபவத்தைக் கருத வேண்டும் என்ற 64யூசி நெறி நடைமுறையில் தோற்றது இங்கேதான்.

1994-இல் மல்ஹோத்ரா குழு காப்பீட்டுத் துறையைத் தனியாருக்குத் திறக்கப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு கடல்சார் சரக்குக் காப்பீடு டாரிஃபிலிருந்து விடுபட்டது. 1999-இன் சட்டப்படி அமைந்த காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.யின் தலைவரே டி.ஏ.சி.க்கும் தலைவரானார். கப்பல் காப்பீடு 2005-இல் விடுபட்டது. 2007 ஜனவரி 1 முதல் தீ, பொறியியல், வாகனத்தின் சொந்தச் சேதம் ஆகியவற்றின் விகிதங்களைக் கம்பெனிகளே வகுக்கத் தொடங்கின. மூன்றாம் நபர் மோட்டார் மட்டும் அரசின் பிடியில் நின்றது. 2015-இன் திருத்தச் சட்டம் குழுவைப் பற்றிய பிரிவுகளை நீக்கி, அதன் கலைப்புக்கும் ஊழியர்களுக்கும் வழிவகை சொன்னது.

டாரிஃபிலிருந்து விடுபட்ட பின் பெரிய ஆலைகளின் தீக்காப்பீட்டு விலை கடுமையாக விழுந்தது. பேரம் பேசும் வலிமை உள்ளவருக்குப் பெரும் தள்ளுபடி கிடைத்தது. தாராவிப் பட்டறைக்காரருக்கு அந்த வலிமை கிடையாது.

விகிதம் வகுக்கும் அமைப்பின் தேவை மட்டும் தீரவில்லை. 2009-இல் ஐ.ஆர்.டி.ஏ. காப்பீட்டுத் தகவல் மையத்தை உருவாக்கியது. கம்பெனிகளின் இழப்பு விவரங்களைத் திரட்டிக் கணக்கிடுவது அதன் வேலை. 2019-இல் மறுகாப்பீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி. ரீ, குறிப்பிட்ட தொழில்வகைகளின் தீக்காப்பீட்டுக்கு இம்மையம் கணக்கிட்ட இழப்புச் செலவை அடிப்படை விலையாக வற்புறுத்தத் தொடங்கியது. சட்டத்தில் டாரிஃப் இல்லை. மறுகாப்பீடு வேண்டுமானால் இந்த விலைக்குக் கீழே போகாதே என்ற நிபந்தனை வழியாக அதன் நிழல் திரும்பியது. 2022 ஜூன் முதல் மூன்றாம் நபர் மோட்டார் பிரீமியத்தைச் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே அறிவிக்கிறது.

முடிவு

இந்த வரலாறு மூன்று நிலைகளைக் கொண்டது. முதலில் கம்பெனிகளின் சங்கம் விகிதம் வகுத்தது, அரசு விலகி நின்றது. பின் அரசே வகுத்தது, போட்டி மறைந்தது. இப்போது கம்பெனிகள் வகுக்கின்றன. கணக்கு மட்டும் ஒரு பொது மையத்தில் சேர்கிறது. அமெரிக்க மாநிலங்கள் கண்ட இடைவழி, அதாவது விகிதம் வகுப்பவருக்கு லைசென்ஸ், பட்டியலுக்கு வெளிப்படையான தாக்கல், எதிர்ப்புத் தெரிவிப்பவருக்கு விசாரணை என்பது, இந்தியாவில் முழுமையாகச் சோதிக்கப்படவே இல்லை.

2021 ஏப்ரல் முதல் 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு தொழிலுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற ஒரே மாதிரிப் பாலிசி வந்திருக்கிறது. இது நல்ல முன்னேற்றம். ஆனால் ஒரே மாதிரியானது பாலிசியின் வாசகம்தான். விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதன் காரணத்தைச் சிறு தொழில் நடத்துபவர் படித்தறிய இன்று புத்தகம் இல்லை. தகவல் மையத்தின் தொழில்வகை வாரியான இழப்புக் கணக்கை மாநில மொழிகளில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கூரை, மின்கம்பி, தீயணைப்புச் சாதனம் ஆகியவற்றில் எதை மாற்றினால் பிரீமியம் எவ்வளவு குறையும் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் எழுத்தில் தர ஒழுங்குமுறை ஆணையம் கட்டளையிட வேண்டும். விலையை அரசு வைக்க வேண்டாம். விலைக்கான காரணத்தை அறியும் உரிமையைப் பாலிசிதாரருக்கு அரசு உறுதி செய்தே ஆக வேண்டும்.