பாந்தியன் வளாகத்திலிருந்து கழுவேலி வரை: உயிரினக் காட்சி மரபின் வளர்ச்சி

மண்டகப்பட்டு முதலிய விழுப்புரம் வட்டார ஊர்களிலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னை செல்லும் பெருவழி, விலங்குகளையும் பறவைகளையும் காணச் செல்லும் வழக்கத்தின் இரு மரபுகளைத் தன் ஓரத்திலேயே கொண்டுள்ளது. மதுராந்தகத்தைக் கடந்ததும் படாளத்தில் பிரியும் சாலை வேடந்தாங்கலை அடைகிறது. பெருவழியிலேயே மேலும் வடக்கே சென்றால் வண்டலூர். முன்னது உழவர்கள் காத்த ஏரி, பின்னது நகர அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து கிளைத்த உயிரியல் பூங்கா. இவற்றுள் காலத்தால் மூத்தது ஏரியே என்பதும், பூங்கா நெடுங்காலம் கழித்து வந்தடைந்த பாதுகாப்புக் கருத்து அந்த ஏரிக்கரையில் முன்னரே நடைமுறையில் இருந்தது என்பதும் கருதத்தக்கவை.

வேடந்தாங்கல் ஏரி நீரில் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் முதலியவை கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதைப் பட்டறிவால் உணர்ந்திருந்த ஊரார், ஆங்கிலேயப் படையினர் அப்பறவைகளைச் சுட்டபோது செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டனர். அதன் விளைவாக 1798இல், லயோனல் பிளேஸ் ஆட்சியராக இருந்த காலத்தில், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளிக்கும் ‘கவுல்’, அதாவது அரசின் எழுத்து வழியான உறுதிமொழி, வழங்கப்பட்டது. 1858இல் அது புதுப்பிக்கவும் பட்டது. பறவையின் நலனும் உழவரின் நலனும் ஒன்றாக இருந்தமையே இந்தக் காவல் தலைமுறைகளைத் தாண்டி நிலைத்ததற்கு அடிப்படை. சுற்றுலா அதன்மேல் பின்னாளில் வந்து சேர்ந்ததே.

சென்னையில் வளர்ந்த மரபு இதற்கு நேர் மாறானது. எழும்பூர் பாந்தியன் வளாகத்து அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரும் மருத்துவருமான எட்வர்டு பால்ஃபர், உயிருள்ள விலங்குகள் மக்களைப் பெருந்திரளாக ஈர்ப்பதைக் கண்டு, ஆர்க்காட்டு நவாபின் விலங்குத் தொகுப்பைக் கேட்டுப் பெற்று 1855இல் காட்சிசாலையைத் தொடங்கினார். ஓராண்டுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் அங்கே சேர்ந்தன. 1860களில் அது நகராட்சியின் பொறுப்பில், இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டது. பாமர மக்கள் அதை ‘உயிர் காலேஜ்’ என்றும், அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் வழங்கினர்; இரண்டும் ஒரே இடத்தில் தோன்றியவை என்ற உறவு இவ்வழக்கில் தெளிவாகப் பதிந்துள்ளது. தென் மாவட்டங்களிலிருந்து ரயிலேறிப் பட்டணம் பார்க்கச் சென்றோருக்கு அது தவறவிடக் கூடாத இடமாயிற்று. ஆயினும் காண்போரின் வியப்பே அங்கு நோக்கமாக இருந்ததால், நெருக்கடியும் இரைச்சலும் மிகுந்த நகர நடுவில் கம்பிக்கூண்டுக்குள் கழிந்த விலங்குகளின் வாழ்வு பெரிதாக எண்ணப்படவில்லை.

இந்நிலையை மாற்றவே வண்டலூர் காப்புக்காட்டில் 1979இல் பணிகள் தொடங்கப்பட்டு, 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி. இராமச்சந்திரன் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். கம்பிகளுக்கு மாற்றாக, விலங்கையும் பார்வையாளரையும் அகழியால் பிரிக்கும் திறந்தவெளி அடைப்பிடங்கள் அமைக்கப்பட்டன. இன்று பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 602 ஹெக்டேர். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992இல் நிறுவப்பட்டபின், அருகிவரும் சிங்கவால் குரங்கு போன்றவற்றை இனப்பெருக்கம் செய்விப்பதும் இத்தகைய பூங்காக்களின் கடமையாயிற்று. இங்கு நிகழ்ந்த மாற்றம் உண்மையானது, வரவேற்கத்தக்கது. எனினும் விலங்கை மனிதன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவரும் முறை மாறவில்லை.

விழுப்புரம் மாவட்டத்திலேயே வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்துள்ள கழுவேலி உவர்நீர்ச் சதுப்புநிலம் 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால், இவ்வட்டார மக்கள் வலசைப் பறவைகளை அவற்றின் இடத்திலேயே சென்று காணும் வாய்ப்பு அருகிலேயே அமைந்தது. 5,151 ஹெக்டேருக்கும் அதிகமான அதன் பரப்பு, ஏறத்தாழ 30 ஹெக்டேர் கொண்ட வேடந்தாங்கலைப் போல நூற்றைம்பது மடங்குக்கும் மேற்பட்டது. ஊரார் முறையிட்டுப் பெற்றது 1798ஆம் ஆண்டின் கவுல். கழுவேலிக்கான அறிவிப்போ அரசிடமிருந்து வந்தது. ஆகவே அங்கு பார்வை மேடையும் படகுத்துறையும் திட்டமிடப்படுவதற்கு முன்னரே, சதுப்புநிலத்தைச் சார்ந்து மீன்பிடிப்போருக்கும் கரையோர உழவருக்கும் காவலில் உரிய பங்கு வரையறுக்கப்பட வேண்டும்.