வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை

மாலையில் கம்போங் குவாந்தான் வட்டாரத் தோட்டத் திடல்களில் பிள்ளைகள் ஆள் பிரித்து ஆடுவதை நாம் பார்த்திருக்கிறோம். இரண்டு தலைவர்கள் மாறி மாறி ஆளைக் கூப்பிடுவார்கள். சில சமயம் நன்றாக ஆடும் பையன், "அந்தக் கட்சிக்கு நான் வரமாட்டேன்" என்று முரண்டு பிடிப்பான். இதே வழக்கு அமெரிக்காவில் பெரியவர்களிடையேயும் நடந்திருக்கிறது.

அங்கே கூடைப்பந்துக் குழுக்கள் புதிய ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1947ஆம் ஆண்டில் தொடங்கியது. தோற்ற குழுக்களுக்கு முன்னுரிமை உண்டு. பணமுள்ள குழுவே நல்லவர்களை எல்லாம் அள்ளிக்கொள்ளாமல் தடுப்பதே இதன் நோக்கம். ஆனால், ஒரு குழு தேர்ந்துகொண்ட இளைஞர் அந்தப் போட்டியில் வேறு குழுவோடு பேச முடியாது.

1989இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிளிப்பர்ஸ் குழு டேனி பெர்ரி என்பவரை இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்தது. அவரோ மறுத்துவிட்டு இத்தாலிக்குப் போய் ஆடினார். அவர்மீதிருந்த உரிமையைக் கிளிப்பர்ஸ் கிளீவ்லண்ட் குழுவுக்கு மாற்றிக்கொடுத்தது. 1999இல் ஸ்டீவ் பிரான்சிஸ், கனடாவின் வான்கூவர் தம் ஊரிலிருந்து வெகுதூரம் என்று சொல்லி அங்கே போக மறுத்தார். சில வாரங்களில் ஹூஸ்டன் குழுவுக்கு மாற்றப்பட்டார். வான்கூவர் குழு அதற்கு முந்தைய பருவத்தில் 50 ஆட்டங்களில் எட்டில்தான் வென்றிருந்தது. அந்த ஊர் ரசிகர்களின் மனம் புண்பட்டதில் வியப்பில்லை. 2001இல் அந்தக் குழுவே ஊரைவிட்டுப் போய்விட்டது.

இதில் நியாயம் யார் பக்கம்? நம் முன்னோர் கதையை நினைத்துப் பார்ப்போம். ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவுக்கு வந்தவர்கள் தோட்டத்தைத் தாங்களே தேர்ந்துகொள்ளவில்லை. பிடிக்கவில்லை என்று விலகினால் சிறைத் தண்டனை வரை போகும். 1910இல் அந்த முறை நிறுத்தப்பட்டது. பிறகு கங்காணி மூலம் வந்தவர்கள் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்று சட்டம் சொன்னது. ஆனால், முன்பணக் கடன் பலருடைய காலைக் கட்டிப்போட்டது. பெருஞ்சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரின் நிலையும் அவர்கள் நிலையும் ஒன்றல்ல. ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: உழைப்பவன் தன் இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளலாமா?

பெர்ரியும் பிரான்சிஸும் மறுத்ததால் அவர்கள் இருவருக்கும் வழி பிறந்தது. விதி மாறவில்லை. விதியை மாற்றியது வேறொரு முயற்சி. 1970இல் ஆஸ்கார் ராபர்ட்சன் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர், ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்து, சக ஆட்டக்காரர்களோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தார். 1976இல் உடன்பாடு ஏற்பட்டது. ஒப்பந்தம் முடிந்தவர் வேறு குழுவுக்குப் போக வழி திறந்தது. புதியவர்மீது குழுவுக்கு இருந்த பிடியும் தளர்ந்தது. ராபர்ட்சன் 1974லேயே ஓய்வு பெற்றுவிட்டார். பலனை அனுபவித்தவர்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள்.

நம் நாட்டில் 1954இல் தோட்டத் தொழிலாளர்கள் தேசிய அளவில் ஒரே சங்கமாகச் சேர்ந்ததும் இந்த அறிவினால்தான். திறமையுள்ள ஒருவன் தனியாக மறுத்தால் அவன் தப்பிக்கொள்வான். எல்லோரும் சேர்ந்து கேட்டால்தான், திடலில் கடைசியாகக் கூப்பிடப்படும் பிள்ளைக்கும் ஒரு வழி பிறக்கும்.