ஞாயிறு சமையல், வாரம் முழுவதும் சாப்பாடு: பிரீசரில் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது?

பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள், விடியுமுன்னே ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போகிறவர்கள், இருட்டு விலகும் முன்பே பெரட்டுக்கு நிற்கும் தோட்டத் தொழிலாளர்கள். இப்படிப்பட்ட வீடுகளில் வார நாள் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கிறது: மாமாக் கடைப் பொட்டலம், மெகி மீ, அல்லது காலையில் வைத்து அடுப்பிலேயே விட்டுப்போன கறி.

இதில் மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. பிரிட்ஜ் இல்லாத லயத்து வீடுகளில் கறியைக் காலையும் மாலையும் கொதிக்கவிட்டு வைத்துக்கொண்டார்கள். சுண்டிய மீன் கறிக்குத் தனி ருசி உண்டு என்பதையும் மறுக்க முடியாது. அன்று வீட்டில் யாராவது ஒரு பாட்டி இருந்தார். நேரத்துக்கு அடுப்பை மூட்டினார். இன்று பத்து மணி நேரம் வீடு பூட்டிக் கிடக்கிறது. சமைத்த உணவு 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் இருக்கும்போது கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது என்பது பொதுவான விதி. 32 பாகையைத் தாண்டும் நம் மதிய வெயிலில் அது 1 மணி நேரம்தான்.

சோறு இன்னும் மோசம். அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. குக்கரை அணைத்துவிட்டு இரவு முழுதும் அப்படியே விட்டால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். காலையில் எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்கும் வறுத்த சோற்றுக்கு முதல்நாள் சோறுதான் வேண்டுமென்றால், மீந்ததை இரவே தட்டில் பரப்பி ஆறவைத்து பிரிட்ஜில் வையுங்கள்.

கறியை அல்ல, மசாலாவை உறையவையுங்கள்

முன்கூட்டிச் சமைப்பது என்றதும் பலர் ஏழு நாள் கறியையும் ஒரே நாளில் செய்து அடுக்கப் பார்க்கிறார்கள். இரண்டு வாரத்தில் அலுத்துப்போகும். வீட்டிலும் பழைய கறி என்று முகம் சுளிப்பார்கள். நம் சமையலில் நேரத்தைத் தின்பது வெங்காயம் உரிப்பதும் வதக்குவதும்தான். அந்த வேலையை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினால் போதும்.

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 2 கிலோ பெரிய வெங்காயம், 1 கிலோ தக்காளி, இஞ்சியும் பூண்டும் தலா 100 கிராம் எடுத்துக்கொள்ளலாம். எண்ணெயில் சோம்பு, பட்டை, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் நன்றாகச் சிவக்கும் வரை வதக்கி, அரைத்த இஞ்சி பூண்டும் தக்காளியும் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை கிளறவும். கறித்தூள் போடவேண்டாம். அப்போதுதான் இறைச்சிக்கும் கடலைக்கும் அதே மசாலா உதவும். ஆறியதும் ஆறு பொட்டலமாகப் பிரித்தால், ஒன்று 1 கிலோ கோழிக்குப் போதும். திங்கள் கோழிப் பெரட்டல், செவ்வாய் கொண்டைக்கடலை, புதன் டின் சார்டின், வியாழன் முட்டைக் கறி என்று, வேலை முடிந்து வந்த அரை மணி நேரத்தில் அடுப்பை அணைத்துவிடலாம்.

கூடவே அரை கிலோ கொண்டைக்கடலையை முதல்நாள் ஊறவைத்து, அவித்துப் பிரித்து வையுங்கள். ஆட்டிறைச்சியை மஞ்சளும் உப்பும் போட்டு முக்கால் பதம் வேகவைத்து, வெந்த தண்ணீரோடு உறையவைக்கலாம். புளிக்கரைசல், இஞ்சி பூண்டு விழுது இரண்டையும் ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டிகளாக்கி, பிறகு பையில் கொட்டிக்கொள்ளலாம். துருவிய தேங்காய், நெத்திலிச் சம்பால், வெறும் பருப்பு ஆகியவையும் நன்றாகத் தாங்கும். சப்பாத்தியை இருபுறமும் அரைப்பதம் வாட்டி, இடையில் தாள் வைத்து அடுக்கவும். தோசை மாவை உறையவைத்தால் புளிப்பும் பொங்கலும் குறைந்துவிடும். அதற்குப் பதில் இட்லியாகவே அவித்து வையுங்கள். பிரீசரிலிருந்து எடுத்து நேராக ஆவியில் 10 நிமிடம் வைத்தால் போதும்.

உறையவைக்கக் கூடாதவை இருக்கின்றன. உருளைக்கிழங்கு மாவு மாவாக உதிரும். அவித்த முட்டையின் வெள்ளை ரப்பர் போலாகும். கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய் குழைந்துவிடும். தயிரும் மோரும் திரிந்துபோகும். தேங்காய்ப்பால் ஊற்றிய கறி உருகும்போது எண்ணெய் வேறு, தண்ணீர் வேறாகப் பிரிவதால், பாலைச் சூடாக்கும் நாளன்று ஊற்றுவதே நல்லது. மீன் கறியில் மீனை விட்டுவிட்டுப் புளிக்குழம்பை மட்டும் உறையவைத்து, சாப்பிடும் அன்று கொதிக்கவிட்டு மீனைப் போடுங்கள்.

ஆறவைப்பதும் உருக்குவதும்

சூடான பானையை அப்படியே பிரீசருக்குள் தள்ளினால் பக்கத்தில் இருப்பதெல்லாம் உருகும். சட்டியைக் கழுவுதொட்டியில் ஐஸ் தண்ணீருக்குள் வைத்துக் கிளறி, சூடு தணிந்ததும் பைகளில் பிரித்து பிரிட்ஜில் குளிரவைத்து, அதன் பின் பிரீசருக்கு மாற்றவும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால் பையையோ டப்பாவையோ முழுவதும் நிரப்பக்கூடாது. பையைத் தட்டையாக்கித் தட்டில் படுக்கவைத்து உறையவைத்தால், பிறகு புத்தகம் போல் நிறுத்தி அடுக்கலாம், சீக்கிரமாகவும் உருகும். பெயரும் தேதியும் கட்டாயம் எழுதி ஒட்டுங்கள். ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து உள்ளே சம்பாலைப் பார்த்து ஏமாந்த பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு.

எவ்வளவு நாள் வைக்கலாம் என்பது பிரீசரைப் பொறுத்தது. உள்ளே அல்லது கதவில் நட்சத்திரக் குறி இருக்கும். ஒன்று என்றால் கழித்தல் 6 பாகை, ஒரு வாரம். இரண்டு என்றால் கழித்தல் 12, ஒரு மாதம். மூன்று என்றால் கழித்தல் 18. சமைத்த கறி மூன்று மாதம் வரை ருசி கெடாமல் இருக்கும். ஒற்றைக் கதவு பழைய பிரிட்ஜின் ஐஸ் அறையை நம்பி மாதக் கணக்கில் இறைச்சி சேர்க்கவேண்டாம்.

உருக்குவதற்கு முதல்நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். காலையில் மேசைமீது வைத்துவிட்டு வேலைக்குப் போவது அடுப்பில் கறியை விட்டுப்போவதற்குச் சமம். மறந்துவிட்டால் பொட்டலத்தைப் பிரிக்காமல் குளிர்ந்த தண்ணீரில் போடலாம். மசாலாவை நேராகச் சட்டியிலேயே போடலாம். எல்லா இடமும் கொதித்து ஆவி பறக்கும் வரை சூடாக்கவேண்டும். சூடாக்கி மீந்ததை மறுபடி உறையவைக்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வேலை முழுவதும் அம்மாவின் தலையில் விழுந்தால், அவருக்கு இருந்த ஒரே ஓய்வு நாளும் பறிபோகும். 2 கிலோ வெங்காயத்தை அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து உரிக்கலாம். பொட்டலத்தின் மேல் எப்படிச் சூடாக்குவது என்று எழுதிவிட்டால், அம்மா இரவு ஷிப்டில் இருக்கும் நாளில் வீட்டில் இருப்பவரே பார்த்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை சைவம் கடைப்பிடிக்கும் வீடுகளில் மேல்தட்டைச் சைவத்துக்கென ஒதுக்கி, இறைச்சியைக் கீழே வையுங்கள். தவறிக் கசிந்தாலும் சைவத்தின் மேல் படாது. புரட்டாசிக்கு மூன்று வாரம் முன்பிருந்தே புதிதாக இறைச்சி வாங்குவதைக் குறைத்து, இருப்பதை முடித்துவிடலாம். பூண்டு, வெங்காயம் சேர்க்காதவர்களுக்குத் தக்காளி மட்டும் வதக்கிய பொட்டலங்கள் உதவும்.

மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிரம்பிய பிரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது சுமார் 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். பல நாள் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு குவளைத் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் 10 சென் நாணயம் ஒன்றை வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் பயமில்லை. குவளையின் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அந்த இறைச்சியையும் கறியையும் வீசிவிடுங்கள்.