கூடைப்பந்தின் குருமரபு

இசைக்குக் குருமரபு உண்டு, நாட்டியத்துக்கு உண்டு, சிற்பத்துக்கும் வைத்தியத்துக்கும் உண்டு. இன்னாரிடம் இன்னார் பயின்றார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது நம்மவர் வழக்கம். விளையாட்டுக்கும் அத்தகைய மரபு ஒன்று இருக்கக் கூடுமா? கூடும் என்பதற்கு அமெரிக்காவின் நடுப்பகுதியில், லாரன்ஸ் என்னும் ஊரில் உள்ள கான்ஸாஸ் பல்கலைக் கழகம் சான்று பகர்கிறது. 1898-ஆம் ஆண்டில் அங்கே கூடைப்பந்து ஆட்டம் காலூன்றியது. அது முதல் அக்கழக அணிக்கு முழுப் பொறுப்பேற்ற தலைமைப் பயிற்சியாளர்கள் எட்டுப் பேரே. அவர்களுள் முதல்வர், அவ்விளையாட்டைப் படைத்தவரே ஆவார்.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் கனடா நாட்டில் 1861-இல் பிறந்தவர். பிழைப்பும் கல்வியும் அவரை அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்கு இட்டுச் சென்றன. அங்குள்ள கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் அவர் ஆசிரியர். 1891 டிசம்பர் மாதம், வெளியே கடுங்குளிர். கூடத்துக்குள் செய்த தேகப் பயிற்சிகளில் மாணவர்கள் சலிப்புற்றிருந்தனர். நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக் கூடைகளை மாடத்தின் கைப்பிடியில் அறைந்து, 13 விதிகளை எழுதி ஒட்டி, அணிக்கு ஒன்பது பேராக ஆட விட்டார். பந்தை ஏந்திக்கொண்டு ஓடலாகாது, எதிரியை இடிக்கலாகாது என்பன அவ்விதிகளின் உயிர்நாடி. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார் என்பதை நேயர்கள் ஈண்டு நினைவு கூரலாம்.

நெய்ஸ்மித் 1898-இல் கான்ஸாஸுக்கு வந்தது தேகப் பயிற்சி ஆசிரியராகவும் வழிபாட்டுக் கூடத்தின் தலைவராகவுமே. கூடைப்பந்து அவருக்கு இளைஞரின் உடலையும் குணத்தையும் செம்மை செய்யும் ஒரு கருவி. வெற்றிக்காக வியூகம் வகுப்பதில் அவர் நாட்டம் கொள்ளவில்லை. அவர் காலத்தில் அணி 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றது. வெற்றியினும் தோல்வி மிகுந்த கணக்கோடு விலகியவர் அவ்வெண்மருள் அவர் ஒருவரே! விளையாட்டை ஆக்கியவர் அதில் தோற்றவராகக் கணக்கிடப்படுவது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அவரிடம் ஆடிய மாணவர் ஃபாக் ஆலன். இந்த ஆட்டத்தைக் கற்பிக்க முடியாது, ஆடத்தான் முடியும் என்பது ஆசிரியரின் கொள்கை. பந்தை எறிவதையும் கைமாற்றுவதையும் காப்பதையும் கற்பிக்க முடியும் என்பது மாணவரின் உறுதி. ஆலன் 1907 முதல் 1909 வரை பொறுப்பு வகித்தார். பின்னர், எலும்பையும் தசையையும் கையாலேயே சீர்செய்யும் ஆஸ்டியோபதி மருத்துவம் கற்கச் சென்றார். இடையில் பத்தாண்டுகள் ஹாமில்டன் என்பவர் அணியை நடத்தினார். 1919-இல் திரும்பிய ஆலன் 1956 வரை அப்பதவியை விட்டகலவில்லை. ஆக 39 பருவங்கள், 590 வெற்றிகள். 1952-இல் தேசியப் பட்டமும் கிட்டியது.

கொள்கையால் வேறுபட்டாலும் ஆசானிடம் அவர் கொண்ட பக்தி குறையவில்லை. 1927-இல் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களின் தேசியச் சங்கம் உருவாக முன்னின்றவர் ஆலன். கூடைப்பந்தை ஒலிம்பிக் பந்தயத்தில் சேர்க்க அவர் அயராது வாதாடினார். 1936-இல் பெர்லினில் அது நிறைவேறியபோது, முதியவரான நெய்ஸ்மித் தம் படைப்பை உலகம் ஆடக் காணும்படி, பயிற்சியாளர்கள் பணம் திரட்டி அவரை அங்கே அனுப்பி வைத்தனர். மூன்று ஆண்டுகளில் அவர் காலமானார்.

இம்மரபில் பெருமை மட்டுமே உண்டு என்று கூறிவிட இயலாது. 1930-களில் ஜான் மக்லெண்டன் என்னும் நீக்ரோ இன மாணவர், அக்காலத்தார் அவ்வாறே குறிப்பிட்டனர், கான்ஸாஸில் சேர்ந்தார். நிற வேற்றுமை காரணமாகப் பல்கலைக் கழக அணியில் அவருக்கு இடமில்லை. ஆயினும் நெய்ஸ்மித் அவரைத் தம் மாணவராக ஏற்று வழிகாட்டினார். 1936-இல் பட்டம் பெற்ற மக்லெண்டன், வட கரோலினாவில் கறுப்பர் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளரானார். 1944-ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், ஊரார் தேவாலயத்தில் இருந்த வேளை, கதவைப் பூட்டிக்கொண்டு டியூக் பல்கலைக் கழக மருத்துவ மாணவரான வெள்ளையரோடு அவருடைய அணி ஆடியது. சட்டமும் வழக்கமும் தடுத்த அவ்வாட்டத்தில் 88-க்கு 44 என்று வென்றது. பின்னர் டென்னஸியில் மற்றொரு கல்லூரிக்கு 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து தேசியப் பட்டம் ஈட்டித் தந்தார். களத்தில் இறங்க விடாமல் தடுக்கப்பட்டவரே அம்மரபின் தலைசிறந்த வாரிசுகளுள் ஒருவரானார்.

எழுபது வயதில் ஓய்வு பெற வேண்டும் என்ற விதியால் ஆலன் 1956-இல் விலகினார். ஏழடி உயர வீரர் வில்ட் சேம்பர்லெனை அழைத்து வந்தவர் அவர். ஆனால் முதன்மை அணியில் அவரை ஆட்டுவிக்கும் பேறு, ஆலனிடமே ஆடிப் பழகிய டிக் ஹார்ப்புக்குக் கிட்டியது. 1957 இறுதி ஆட்டம் மும்முறை நீட்டிக்கப்பட்டு, வட கரோலினாவிடம் 54-க்கு 53 என ஒரே புள்ளியில் கைநழுவியது. 1964-இல் வந்த டெட் ஓவன்ஸ் 19 ஆண்டுகள் பணியாற்றி, இருமுறை அணியைத் தேசிய அரையிறுதிக்குக் கொண்டு சென்றார்.

இனி மரபின் கிளைகளைக் காண்போம். ஆலனிடம் ஆடிய அடால்ஃப் ரப் கெண்டக்கியில் 876 வெற்றிகள் கண்டார். 1952-இல் பட்டம் வென்ற அணியில் இருந்த டீன் ஸ்மித் வட கரோலினாவில் 879 வெற்றிகள் கண்டார். இருவரும் கான்ஸாஸ் மண்ணில் பிறந்து, அயல் மாநிலத்தில் புகழ் நாட்டியவர்கள். விதை வெளியே சென்றது. விளைச்சல் திரும்பவும் வந்தது. 1983-இல் கான்ஸாஸுக்கு வந்த லாரி பிரவுன், ஸ்மித்திடம் ஆடியவர். அவர் 1988-இல் ஓக்லஹோமாவை 83-க்கு 79 என வென்று பட்டம் பெற்றார். அவ்வாண்டே அவருக்குப் பின் வந்த ராய் வில்லியம்ஸ், ஸ்மித்தின் உதவியாளராகப் பத்தாண்டு இருந்தவர். அவர் 15 ஆண்டுகளில் 418 வெற்றிகள் தந்து, 2003-இல் வட கரோலினாவுக்கே திரும்பினார். அவரையடுத்துப் பொறுப்பேற்ற பில் செல்ஃப், பிரவுனிடம் தொழில் பழகியவர். 2008, 2022 ஆகிய ஆண்டுகளில் பட்டம் பெற்று, 2024-இல் ஆலனின் 590 வெற்றிகளையும் கடந்தார். ஆயினும் 2023-இல் விதிமீறல் விசாரணையின் முடிவாக, 2017-18 பருவத்தின் 15 வெற்றிகள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. வெற்றி வேட்கை மிகும்போது விதி தளர்வதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

ஓர் ஆசிரியரின் அளவுகோல் யாது? வெற்றிக் கணக்கு ஒன்றே எனில், 60 தோல்வி கண்ட நெய்ஸ்மித் அவ்வரிசையில் கடைசியில் நிற்பார். ஆனால் ஆலனைத் தொட்டு, ஸ்மித்தைத் தொட்டு, பிரவுனையும் செல்ஃபையும் தொட்டு வரும் அந்த நீண்ட இழையின் மறுமுனை அவர் கையில்தான் இருக்கிறது. பிறர் கதவடைத்த மாணவனுக்குத் தம் கதவைத் திறந்து வைத்ததும் அதே கைதான். பிறந்த ஊர் ஒன்று, வாழும் ஊர் வேறு என்றான பின்பும், தாம் அறிந்ததைப் புதிய மண்ணில் ஊன்றி வளர்க்க முடியும் என்பதற்கும் அவர் வாழ்வு சான்று. லாரன்ஸில் ஆலன் பெயரால் எழுந்த அரங்கின் ஆடுகளத்துக்கு நெய்ஸ்மித்தின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். வென்ற மாணவர்கள் ஆடுவது, தோற்ற ஆசானின் களத்தின்மீதுதான்.