இழை நீண்ட கதை

பருத்தி விளையும் ஊர்களில் இருந்தவர்களுக்கு இது தெரியும். வியாபாரி வந்தால் முதலில் ஒரு பிடி பஞ்சை எடுத்து, இரண்டு கை விரல்களாலும் மெல்ல இழுத்து, இழை எவ்வளவு நீளம் என்று பார்ப்பார். விலை அங்கேயே பாதி முடிவாகிவிடும். நீள இழை என்றால் மெல்லிய வேட்டி, சேலை. குட்டை இழை என்றால் முரட்டுத் துணிதான்.

நம் பழைய கருங்கண்ணிப் பருத்தி மானாவாரியில் தாக்குப்பிடிக்கும். ஆனால் இழை ஓர் அங்குலம்கூட வராது. 1947இல் நாடு பிரிந்தபோது சிந்துவிலும் மேற்கு பஞ்சாபிலும் நல்ல பருத்தி விளைந்த நிலங்கள் பாகிஸ்தானுக்குப் போய்விட்டன. மில்களில் பெரும்பாலானவை இங்கே தங்கிவிட்டன. அதன்பின் கோவை ஆராய்ச்சியாளர்கள் செடி செடியாக அளந்து பொறுக்கி, 1968இல் எம்.சி.யு. 5, 1974இல் சுவின் ஆகிய ரகங்களைத் தந்தார்கள். சுவினின் இழை ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். நூறாம் நம்பர் நூல் நூற்கலாம்.

இழை எப்படி நீள்கிறது? ஒவ்வொரு இழையும் விதைத்தோலில் முளைக்கும் ஒரே ஒரு செல். உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம் சுவரைத் தள்ளுகிறது. சுவர் இளகிக் கொடுத்தால்தான் செல் நீளும்.

சுவரை இளக்குவது எது என்பது 1992இல், ஒரு வெள்ளரி நாற்றில் தெரியவந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேனியல் காஸ்குரோவ் குழுவினர் நாற்றின் செல்சுவரைச் சூடாக்கினார்கள். இழுபடும் தன்மை போய்விட்டது. சூடாக்காத சுவரிலிருந்து பிரித்த புரதத்தைச் சேர்த்ததும் அது திரும்ப வந்தது. அந்தப் புரதத்துக்கு எக்ஸ்பான்சின் என்று பெயர். புளிப்புத் தன்மை இருந்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். செல்லுலோஸை அது வெட்டுவதில்லை. நாடாவை அறுக்காமல் முடிச்சை மட்டும் தளர்த்துவதுபோல, பிடிப்பைத் தளர்த்துகிறது.

1998இல் வெளியான ஓர் ஆய்வில், பருத்தி இழை நீளும் நாட்களிலும் எக்ஸ்பான்சின் மரபணு வேலை செய்வது தெரிந்தது. இந்த ஒரு புரதம்தான் எல்லாம் என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரை, பொட்டாசியம், தண்ணீர் எல்லாம் சேர வேண்டும். பூத்தபின் ஏறக்குறைய மூன்று வாரம் இழை நீளும். பிறகு சுவர் தடித்து இறுகிவிடும். அந்த மூன்று வாரத்தில் காடு காய்ந்தால் இழை குட்டையாகும். பிறகு எத்தனை மழை பெய்தாலும் அது நீளாது. வியாபாரி விலையைக் குறைத்த பல வருடங்களில், நம் சம்சாரிகளின் காட்டில் நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும்.